அரை அங்குல ரீலும் யூ-மேட்டிக்கும்: 1970-களின் சோதனை வீடியோக்களை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி சுருக்கமாக இது: 1970-களிலும் 80-களிலும் அமெரிக்காவில் டிவி நிலையங்களுக்கு வெளியே, தனிக் கலைஞர்களும் சிறு குழுக்களும் எடுத்த சோதனை வீடியோ டேப்கள் ஒரு சின்ன அமைப்பின் கைக்கு வந்திருக்கின்றன. பாதி திறந்த ரீல்கள், பாதி தடித்த கேசட்டுகள். பழைய டெக் (டேப்பை ஓட்டும் கருவி) ஒன்று இரவல் கிடைக்கிறது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, எதைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்யலாமா?

வேண்டாம். ஐம்பது வருடப் பழைய டேப் நன்றாக ஓடுவது ஒரே ஒரு முறையாக இருக்கலாம். அந்த ஒரு முறை, எதுவும் பதிவாகாமல் சும்மா பார்ப்பதற்காகப் போய்விடக் கூடாது. முதல் ஓட்டமே கணினியில் பதிவு செய்யும் ஓட்டமாக அமைய வேண்டும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான் இந்த வேலையின் பெரும்பகுதி.

முதலில் கையில் இருப்பது என்ன என்று அடையாளம் காணுங்கள். சோனி 1965-இல் சிவி வரிசை அரை அங்குல ரெக்கார்டர்களைக் கொண்டுவந்தது. தோளில் மாட்டிச் செல்லும் முதல் போர்ட்டாபாக்கும் அந்த வரிசைதான். 1969-இல் ஜப்பானிய நிறுவனங்கள் ஒத்துக்கொண்ட ஈஐஏஜே தரம் வந்தது. 1970-களில் பரவலாகப் புழங்கிய ஏவி-3400 போர்ட்டாபாக் இந்தத் தரத்தில் பதிவு செய்வது: கறுப்பு வெள்ளை, ஒரு ரீலுக்கு 30 நிமிடம். இரண்டுக்கும் டேப் அகலம் அதே அரை அங்குலம், ரீலும் பார்க்க ஒன்றுபோலத்தான். ஆனால் சிவியில் பதிவான டேப் ஈஐஏஜே டெக்கில் நிலைத்த படம் தராது. கிழிந்து ஓடும் படத்தைப் பார்த்து 'டேப் அழிந்துவிட்டது' என்று ஒதுக்கிவிடுகிற ஆபத்து இங்கேதான். பெட்டியில், உள்சீட்டில், ரீலில் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் படம் எடுத்து, எழுத்துப் பிசகாமல் பதிந்து வையுங்கள். பெட்டி ஒன்று, உள்ளே இருக்கும் டேப் வேறொன்று என்பது இந்தக் காலத்துச் சேகரிப்புகளில் சாதாரணம். டேப் விலை அதிகம், அழித்து அழித்துப் பதிந்தார்கள்.

தடித்த கேசட் முக்கால் அங்குல யூ-மேட்டிக், 1971-இல் வந்தது. பெரிய கேசட் 60 நிமிடம் வரை, போர்ட்டபிள் ரெக்கார்டருக்கான சிறிய கேசட் 20 நிமிடம். அடிப்பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அது இருந்தால் டேப்பில் மேல்பதிவு செய்ய முடியும், எடுத்துவிட்டால் முடியாது. முதல் வேலையாக எல்லாக் கேசட்டிலும் அதைக் கழற்றி, ஒரு உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். விஎச்எஸ் என்றால் முதுகில் உள்ள பிளாஸ்டிக் தாழை உடைக்க வேண்டும். ஹை8 (கேம்கார்டருக்கான சிறு கேசட்) என்றால் சின்னத் தள்ளுபொத்தானை நகர்த்த வேண்டும்.

எதை முதலில் எடுப்பது? ஒரு படைப்பின் கேமரா அசல், எடிட் செய்த மாஸ்டர், அதிலிருந்து எடுத்த நகல் மூன்றும் தனித்தனி டேப்களாக இருக்கலாம். அனலாகில் ஒவ்வொரு நகலுக்கும் படம் மங்கும், இரைச்சல் கூடும். எனவே முடிந்தவரை மாஸ்டரைத் தேடுங்கள். அந்தக் கலைஞரின் டேப் நியூயார்க்கின் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இன்டர்மிக்ஸிலோ (1971), சிகாகோவின் வீடியோ டேட்டா பேங்கிலோ (1976) இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த இரண்டு விநியோக நிறுவனங்களும் பல வருடங்களாகப் பழைய டேப்களை மீட்டு வருகின்றன. அங்கே நல்ல பிரதி இருந்தால் உங்கள் காசு வேறு டேப்புக்குப் போகட்டும். வேறெங்கும் இல்லாதது, அதிலும் அரை அங்குல ரீல், வரிசையில் முதலில் நிற்க வேண்டும். அடுத்தது ஹை8: அதன் காந்தப் பூச்சு மிக மெல்லியது, தடங்களும் குறுகலானவை. சின்னச் சேதமும் படத்தில் தெரியும். விஎச்எஸ் கொஞ்சம் பொறுக்கும்.

இனி டேப்பைக் கண்ணாலும் மூக்காலும் பாருங்கள். சுற்று சமமாக இருக்கிறதா, விளிம்பு மடிந்திருக்கிறதா, சுற்றுகளுக்கு இடையில் இழுபட்டுச் சுருங்கிய இடம் இருக்கிறதா? விளிம்பு மடிந்தால் முதலில் அடிபடுவது ஒலித்தடமும் கன்ட்ரோல் தடமும், ஏனென்றால் அவை ஓரத்தில் இருக்கின்றன. கன்ட்ரோல் தடம் போனால் டெக்குக்கு எந்த வேகத்தில் ஓட்டுவது என்றே தெரியாது. வெள்ளைத் தூள் தெரிந்தால் பதற வேண்டாம், அது இரண்டில் ஒன்று. டேப்பில் கலந்திருந்த மசகுப்பொருள் வெளியேறிப் படிகமாகப் படிந்திருக்கலாம். அதைத் துணியால் துடைக்கலாம். நூல் நூலாக, பஞ்சுபோல், முடை வாடையோடு இருந்தால் பூஞ்சை. பூஞ்சை பிடித்ததை உடனே தனியே பிரித்துக் காகித உறையிலிட்டு, ஈரமில்லாத அறையில் உலரவிடுங்கள். பிறகு முகமூடியும் கையுறையும் போட்டு, ஹெப்பா வடிகட்டியுள்ள வேக்குவத்தால் பெட்டியையும் ரீலையும் சுத்தம் செய்யுங்கள். பூஞ்சையுள்ள டேப்பை டெக்கில் ஏற்றினால் அடுத்து ஏறும் ஒவ்வொரு டேப்புக்கும் அது தொற்றும்.

பெரும் சிக்கல் ஒட்டும் டேப். காந்தத் துகள்களை பாலியெஸ்டர் படலத்தோடு பிடித்து வைத்திருப்பது பாலியூரித்தேன் பைண்டர். காற்றின் ஈரத்தை அது வருடக்கணக்கில் உறிஞ்சி, நீராற்பகுப்பில் உடைந்து பிசுபிசுக்கிறது. ஓடும்போது கிறீச்சென்று கத்தும், வேகம் குறையும், ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் முனையில்) பழுப்புப் பிசின் சேரும், சில நொடிகளில் படம் பனித்திரையாகிவிடும். அமெரிக்க டிவி தரமான என்டிஎஸ்சி டெக்குகளில், ஹெட் பொருத்திய உருளையான டிரம் நிமிடத்துக்கு 1,800 முறை சுழல்கிறது. அந்த வேகத்தில் ஒட்டும் டேப் டிரம்மைப் பற்றிக்கொண்டால் டேப்பும் கிழியும், மாற்றக் கிடைக்காத ஹெட் முனையும் உடையும். ஆம்பெக்ஸ் 197 யூ-மேட்டிக் டேப்கள் இதற்குப் பேர்போனவை. பெட்டியில் அந்தப் பெயரைக் கண்டால், ஒட்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கான வழி டேப்பை மிதமாகச் சூடேற்றி ஈரத்தை வெளியேற்றுவது. 50 முதல் 54 டிகிரி செல்சியஸ், குறைந்தது 8 மணி நேரம். அகலமான, நீளமான டேப்புக்கு இன்னும் அதிக நேரம் ஆகும். வெப்பம் ஒரே சீராக இருக்கும் ஆய்வக அவன் சிறந்தது. உணவு உலர்த்தும் கருவியும் பயன்படும், ஆனால் அதன் டயலை நம்பாமல் தனி வெப்பமானியை டேப் இருக்கும் இடத்தில் வையுங்கள். வீட்டு அவனில் வெப்பம் ஏறி இறங்கும், கூடாது. மைக்ரோவேவ் பேச்சுக்கே இடமில்லை. பாதி நேரத்தில் டேப்பைத் திருப்பி வையுங்கள். முடிந்ததும் வெளியே எடுக்காமல் உள்ளேயே ஆறவிட்டு, பிறகு ஒரு நாள் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு ஓட்டுங்கள். இதன் பலன் சில வாரங்கள்தான். ஈரம் திரும்ப ஏறும், டேப் மறுபடி ஒட்டும். அதனால் டெக், டிபிசி (சிக்னலைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர்), கணினி எல்லாம் தயாரான பிறகுதான் சூடேற்ற வேண்டும், அதுவும் அந்த வாரத்தில் ஓட்ட முடிந்த டேப்களை மட்டும்.

எல்லாக் கோளாறுக்கும் சூடு மருந்தல்ல. பிசின் இல்லாமல் உலர்ந்த தூளாக உதிரும் டேப்புக்கு அது உதவாது. அங்கே துடைப்பதுதான் வழி. பெல்லான் என்று விற்கும் இழை உதிராத துணியை டேப்பின் இரு பக்கமும் லேசாகப் பிடித்து, மெதுவான வேகத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுற்றுங்கள். துணியில் அழுக்கு தெரிந்ததும் புதுப் பகுதிக்கு நகர்த்துங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் ஹெட் அடைப்பு வெகுவாகக் குறையும். பூச்சு படலமாக உரிந்து வருவது தெரிந்தால் அந்த நொடியே நிறுத்திவிட்டு, அனுபவமுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

டெக்குக்கு வருவோம். ஈஐஏஜே-க்கு சோனி ஏவி-3650, கலருக்கு ஏவி-8650 பரவலாகத் தேடப்படுபவை. யூ-மேட்டிக்குக்கு பிவியு-950, விஓ-9850. இவற்றைச் செய்வதை நிறுத்திப் பல வருடங்களாகின்றன. விஎச்எஸ் டெக் செய்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாய்கூட 2016-இல் நிறுத்திவிட்டது. ஒரு டெக் ஓட வேண்டும் என்றால் இரண்டாவது ஒன்றை உதிரிபாகத்துக்கு வாங்கி வைப்பதே நடைமுறை. இரவல் டெக்கில் முதலில் பார்க்க வேண்டியது ரப்பர்: பெல்ட்டும், டேப்பை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலரும் காலப்போக்கில் கெட்டிப்படும் அல்லது தாராக உருகும். உருகிய ரப்பர் டேப்பில் பட்டால் எடுக்க முடியாது. அடுத்தது பவர் சப்ளையின் எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள்.

ஹெட் சுத்தம் செய்வதில் ஒரு விதியை மறக்கவே கூடாது. 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் குச்சியை அசைக்காமல் டிரம்மோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஃபெரைட் முனை பெயர்ந்துவிடும். காதுக் குச்சிப் பஞ்சு கூடாது, இழை சிக்கும். ரப்பர் ரோலருக்கு ஆல்கஹால் வேண்டாம், அதற்கென்று உள்ள ரப்பர் கிளீனரைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு டேப்புக்குப் பிறகும் இதைச் செய்ய வேண்டும். முதலில் ஓட்டுவது உங்களுக்கு இழந்தால் நஷ்டமில்லாத ஒரு டேப்பாக இருக்கட்டும்.

படத்தின் உச்சி கொடிபோல ஒரு பக்கம் வளைந்து பறந்தால் டேப்பின் இழுவிசை பொருந்தவில்லை. டெக்கின் ஸ்கியூ குமிழால் சரிசெய்யலாம். படுக்கையாக இரைச்சல் பட்டை நின்றால் டிராக்கிங், அதாவது ஹெட் டேப்பின் தடத்தோடு பொருந்துவது, சரியில்லை. போர்ட்டாபாக்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி அமைப்பில் இருந்தன. பேட்டரி இறங்கியபடி எடுத்ததும் உண்டு. ஆகவே ஒரு ரீலுக்கு வைத்த அமைப்பு அடுத்த ரீலுக்குப் பொருந்தாது. ஓட்டத்தின் நடுவிலும் கை குமிழ் மேலேயே இருக்க வேண்டும்.

டெக்கிலிருந்து வரும் சிக்னலை நேரே கேப்சர் கார்டில் (வீடியோவை டிஜிட்டலாக்கும் கணினிப் பலகையில்) செருகினால் காரியம் கெடும். இந்த டெக்குகளில் ஒவ்வொரு வரியும் சற்று முன்பின்னாகத்தான் வரும். பழைய டிவி பொறுத்துக்கொள்ளும், டிஜிட்டல் கார்டு பொறுக்காது. ஃபிரேம்களை விட்டுவிடும், ஒலி படத்திலிருந்து விலகிப்போகும். நடுவில் முழு ஃபிரேமைத் தாங்கும் டைம் பேஸ் கரெக்டர் அவசியம். டேப்பின் பூச்சு போன இடங்களில் விழும் வெள்ளைக் கீற்றுகளை மறைக்க டிராப் அவுட் காம்பன்சேட்டர் உள்ள டிபிசி உதவும். யூ-மேட்டிக்கில் நகலெடுப்பதற்கான 7 முனை டப் இணைப்பு உண்டு. அதில் ஒளிர்வும் நிறமும் தனித்தனியாக வரும், நிறம் 688 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். அதை ஏற்கும் டிபிசி இருந்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும் காம்போசிட்டைவிடத் தெளிவான படம் கிடைக்கும். போர்ட்டாபாக் கறுப்பு வெள்ளை டேப்பில் அரிசி சிதறினாற்போல் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் நிறச் சேனலை அணைத்துவிடுங்கள். அங்கே இருப்பது நிறமல்ல, இரைச்சல்.

ஒளிர்வு, நிற அளவுகளைப் பட மானிட்டரைப் பார்த்து வைக்காதீர்கள். சிக்னலை வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்ம் மானிட்டரில் கறுப்பு 7.5, வெள்ளை 100 ஐஆர்இ (சிக்னல் அளவின் அலகு) என்பது அமெரிக்க வழக்கம். ஒளிபரப்பு டேப் என்றால் தொடக்கத்தில் கலர் பார் (அளவு பார்ப்பதற்கான வண்ணப் பட்டைகள்) இருக்கும், அதை வைத்துச் சரிசெய்துவிட்டு மேலே போகலாம். கலைஞர்களின் டேப்களில் பெரும்பாலும் பார் இருக்காது. இருந்தாலும் வேறு டேப்பிலிருந்து நகலெடுத்ததாக இருக்கலாம்.

சோதனை வீடியோவின் தனிச் சிக்கல் இங்கே தொடங்குகிறது. எது பழுது, எது படைப்பு? கலைஞர் நாம் ஜூன் பைக்கும் பொறியாளர் ஷுயா அபேயும் செய்த சிந்தசைசர், சிகாகோவில் டான் சாண்டின் கட்டிய இமேஜ் பிராசசர், ரட்-எட்ரா ஸ்கேன் பிராசசர் எல்லாமே சிக்னலை வேண்டுமென்றே வளைத்தவை. நியூயார்க் மாநிலத்தின் எக்ஸ்பெரிமென்டல் டெலிவிஷன் சென்டரில் பல கலைஞர்கள் தங்கி இத்தகைய கருவிகளோடு வேலை செய்தார்கள். அதன் சேகரிப்பு இப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இந்தப் படங்களில் வெள்ளை 100-ஐத் தாண்டும், நிறம் ஒளிபரப்பு வரம்பை மீறும். டிபிசியிலோ கார்டிலோ சிக்னலை ஒளிபரப்பு வரம்புக்குள் அடக்கும் 'லீகலைசர்' இயக்கத்தில் இருந்தால் அந்த உச்சங்களைச் சத்தமில்லாமல் வெட்டி எறியும். ஒருமுறை வெட்டுண்டது ஃபைலில் திரும்பி வராது. லீகலைசரை அணைத்துவிட்டு, உச்சம் அடங்கும்வரை மொத்த அளவையும் தாழ்த்திப் பதியுங்கள். படம் கொஞ்சம் இருண்டு தெரியும், பரவாயில்லை. அதைப் பிற்பாடு காட்சிப் பிரதியில் உயர்த்தலாம்.

கலைஞர் ஜோன் ஜோனஸ் 1972-இல் படம் செங்குத்தாக உருண்டுகொண்டே இருப்பதையே வடிவமாக வைத்து ஒரு படைப்பைச் செய்தார். விவரம் தெரியாத ஆபரேட்டர் அதைக் கண்டால் கோளாறு என்றே எண்ணுவார். கேமராக் குழாயில் பிரகாசமான விளக்கு விட்டுச்செல்லும் ஒளிவால், சூட்டுத் தழும்பு இவையும் பதிவின்போதே நேர்ந்தவை, தொடக் கூடாது. எடிட் இடங்களில் இரண்டு மூன்று ஃபிரேம் துள்ளும். அன்று இரண்டு டெக்கை வைத்து, ஸ்டாப்வாட்சைப் பிடித்துக் கணக்கிட்டு எடிட் செய்தார்கள். அந்தத் துள்ளல் அந்த வேலையின் தடம். அதற்கு மாறாக, ஹெட் அடைத்ததால் வரும் பனி, இழுவிசை வளைவு, டிராக்கிங் பட்டை ஆகியவை இன்றைய ஓட்டத்தில் பிறந்தவை. நிறுத்தி, சுத்தம் செய்து, மறுபடி ஓட்ட வேண்டும். நகலில் பதிந்து வந்த வளைவு மூன்றாம் வகை: படைப்பும் அல்ல, நம்மால் நீக்கவும் முடியாது, குறிப்பில் எழுத மட்டும் முடியும். பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. டிராக்கிங்கை மாற்றும்போது கோளாறும் மாறினால் அது இன்றைய ஓட்டத்தைச் சேர்ந்தது. அசையாமல் அதே இடத்தில் நின்றால் டேப்பிலேயே பதிவானது. ஒவ்வொரு கோளாறுக்கும் பெயரும் மாதிரிப் படமும் தரும் ஏவி ஆர்டிஃபாக்ட் அட்லஸ் இணையத்தில் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். கலைஞர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுங்கள். இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஐம்பது வருடத்துக்கு முன் எடுத்தவர்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது.

படத்தை நிலைநிறுத்தும் சிங்க் சிக்னலையே கலைத்துவிட்ட டேப்பில் டிபிசி உறைந்து நிற்கும் அல்லது கறுப்பாகிவிடும். அமைப்பை மாற்றியும் பிடிக்கவில்லை என்றால், அந்தப் பகுதியைப் பழைய குழாய் மானிட்டரில் ஓட்டி, கேமராவால் தனியாகப் பதிந்து, முதல் ஃபைலோடு சேர்த்து வையுங்கள். இரண்டும் வேண்டும்.

ஃபைல் வடிவம் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். 10-பிட், 4:2:2, 720-க்கு 486, இன்டர்லேஸ் (ஒற்றை, இரட்டை வரிகளை மாறி மாறித் தரும் முறை) கலையாமல், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் 24-பிட். அமுக்கம் இல்லாமல் வைத்தால் மணிக்குச் சுமார் 100 ஜிபி. எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லா கோடெக்கில் மட்ரோஸ்கா (.mkv) கண்டெய்னருக்குள் வைத்தால் ஏறக்குறைய பாதியாகும், இரைச்சல் மிகுந்த டேப்பில் அவ்வளவு குறையாது. ஒரு தகவலும் போகாது, ஒவ்வொரு ஃபிரேமின் துண்டுக்கும் தனிச் சரிபார்ப்பு எண்ணும் உள்ளேயே இருக்கும். வடிவமும் 2021-இல் இணையத் தர ஆவணமாக வெளியாகிவிட்டது. பதிவுக்கு விரெக்கார்ட் என்ற திறந்த மென்பொருள் போதும், பதியும்போதே வேவ்ஃபார்மைக் காட்டும். எச்.264 பார்ப்பதற்கான பிரதி மட்டுமே. இன்டர்லேஸை நீக்குவது, இரைச்சலைக் கழுவுவது, ஏஐ மூலம் கூர்மையாக்குவது எதையும் மாஸ்டரில் செய்யாதீர்கள். யூ-மேட்டிக்கின் இரண்டு ஒலித்தடங்களையும் தனித்தனியாகப் பதியுங்கள். ஒன்றில் சூழல் ஒலி, மற்றதில் விளக்கவுரை என்று இருக்கலாம். சேகரிப்பில் மினிடிவி இருந்தால் அதை அனலாக் வழியில் பதியக் கூடாது. டேப்பில் உள்ளது ஏற்கெனவே டிஜிட்டல், ஃபயர்வயர் வழியே அப்படியே எடுத்துவிடலாம்.

முடிந்ததும் கியூசிடூல்ஸ் என்ற சரிபார்ப்பு மென்பொருளில் போட்டு வரைபடத்தைப் பாருங்கள். ஒளிர்வு கோடு திடீரென்று தட்டையானால் அங்கே உச்சம் வெட்டுப்பட்டிருக்கும். கூர்முள்போல எழும்பினால் டிராப் அவுட் அல்லது அடைப்பு. அந்த இடங்களையும், தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் கண்ணால் பார்த்து, ஒலி உதட்டோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். எம்டி5 எண்ணை (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) உடனே எடுத்து, மூன்று பிரதிகள் வையுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். 30 நிமிட ரீல்கள் 100 இருந்தால் எஃப்எஃப்வி1-இல் சுமார் இரண்டரை டிபி, மூன்று பிரதிக்கு எட்டு டிபிக்குள் அடங்கும். வருடத்துக்கு ஒருமுறை எண்ணைத் திரும்பக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

வெளியே கொடுத்துச் செய்வதானால், எந்த மாடல் டெக், சூடேற்றுவார்களா துடைப்பார்களா, எப்போது நிறுத்துவார்கள், லீகலைசர் அணைந்திருக்குமா, ஒவ்வொரு டேப்புக்கும் எழுத்துக் குறிப்பு தருவார்களா என்று கேளுங்கள். "எல்லாவற்றையும் சுத்தமாக்கித் தருகிறோம்" என்று பதில் வந்தால் அது சோதனை வீடியோவுக்கு ஏற்ற இடமில்லை. முதலில் ஐந்து டேப் மட்டும் அனுப்பி, வந்த ஃபைல்களைப் பார்த்த பிறகு மீதியை அனுப்புங்கள்.

டேப்களைப் பதிவு முடிந்த பின்னும் எறியாதீர்கள். ஹெட்டிலிருந்து வரும் எஃப்எம் அலையையே நேரடியாகப் பதிந்து, மென்பொருளால் படமாக்கும் விஎச்எஸ்-டிகோட் போன்ற முயற்சிகள் யூ-மேட்டிக்கையும் எட்டிவிட்டன. இன்று டிபிசி தோற்ற இடத்தில் அது வெல்லக்கூடும். அதற்கு அசல் டேப் வேண்டும். ஓட்டி முடித்த டேப்பை வேகச் சுற்றில் திருப்பாமல், ஓடிய நிலையிலேயே சமமான சுற்றோடு விட்டு, ரீலின் மையத்தைத் தாங்கும் பெட்டியில் செங்குத்தாக நிறுத்துங்கள். நெடுநாள் சேமிப்புக்கு ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் வெப்பம் 11 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, 30 சதவீதம் என்றால் 17, 20 சதவீதம் என்றால் 23 வரை போகலாம். 8 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், மசகுப்பொருள் பிரிந்து வரும். குளிரறையிலிருந்து எடுத்த டேப் ஒரு முழு நாள் அறையில் இருந்த பிறகே டெக்கில் ஏற வேண்டும். எந்த டெக்கில், எந்த அமைப்பில், எத்தனை முறை ஓடியது, எந்த நிமிடத்தில் அடைத்தது என்ற சீட்டைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அடுத்து ஓட்டுபவர் அந்த நிமிடத்துக்கு முன்பே ஹெட்டைத் துடைத்துத் தயாராக இருப்பார்.